‘இழும்’ என்ற சொல்லின் பொருள் என்ன? இன்று எழுதலாமா?

‘இழும்’ என்பது காதுக்கு இதமாக, தடையின்றி வழுக்கி வரும் ஓசையைக் காட்டும் ஒலிக்குறிப்புச் சொல். திருமுருகாற்றுப்படையின் இறுதியில் பழமுதிர்சோலை அருவி ‘இழுமென இழிதரும்’ (இழிதரும்: கீழிறங்கி வரும்). அந்த ழகரங்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நாவே நீரோடு சறுக்கும். தொல்காப்பியம் இதை மொழிக்கும் ஏற்றி ‘இழுமென் மொழி’ என்கிறது: செவிக்கினிய மென்சொல்.

தாராளமாக எழுதலாம், இடம் பார்த்து. எங்கள் திருகோணமலையில் கோணேசர் கோயில் பாறையடியில் அலை அறைவது இழும் அல்ல. சம்பந்தர் அதைக் ‘குரைகடல்’ என்றே பாடினார். (குரைத்தல் முழங்குதலையும் குறிக்கும்.) அதே ஊரில், உள்துறைமுகக் கரையில் காற்று ஓய்ந்த விடியலில் நீர் மணலை நனைத்துத் திரும்பும் ஓசைக்கு இழும் அழகாகப் பொருந்தும். நாதஸ்வரத்தில் மெல்ல இழையும் ஆலாபனைக்கும் பொருந்தும். தவிலுக்கு வேண்டாம்.