உள்ளகப் பயிற்சி முடிகிறது: ஆய்வுகூடத்தை விட்டு வருவதற்கு முன்

கேள்வி: நான் நெடுங்கேணியைச் சேர்ந்தவள். வவுனியாப் பல்கலைக்கழகத்தில் சுற்றாடல் விஞ்ஞானம் படிக்கிறேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒரு நீர் ஆய்வுகூடத்தில் ஆறு மாத உள்ளகப் பயிற்சி செய்கிறேன். முடிய இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. மேற்பார்வையாளரின் அனுமதியோடு எங்கள் ஊர்க் கிணறுகள் சிலவற்றின் தண்ணீரையும் கொண்டுபோய்ச் சோதித்தேன். வெளிக்கிட முன்னர் என்னென்ன செய்ய வேண்டும்? அளவீடுகளை எடுத்துக்கொண்டு வரலாமா? ஊரில் "தண்ணி எப்பிடியாம்?" என்று கேட்கிறார்கள். சொல்லலாமா?

பதில்: மூன்று கிழமை இருக்கும்போதே கேட்டுவிட்டீர்கள், நல்லது. அநேகமான பிள்ளைகளுக்குக் கடைசி நாள் பை அடுக்கும்போதுதான் சான்றிதழ் ஞாபகம் வருகிறது. பேராதனை மாதிரிப் பெரிய கம்பஸில் ஒரு கடிதம் மேற்பார்வையாளர், துறைத் தலைவர், பீட அலுவலகம் என்று மேசை மேசையாகப் போய்த்தான் வரும். இடையில் ஒருவர் லீவில் நின்றால் அங்கேயே கிடக்கும். அதனால் இந்தக் கிழமையே ஒரு வரைவு எழுதிக் கொடுத்துவிடுங்கள். தொடங்கிய திகதி, முடிந்த திகதி, செய்த வேலை மூன்றும் அதில் இருக்கட்டும்.

பெயரில் கவனம் வேண்டும், தங்கச்சி. எங்கள் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது தகப்பன் பெயர் முன்னுக்கு வருவதும் பின்னுக்குப் போவதும், ஓர் எழுத்துக் கூடுவதும் குறைவதும் வழக்கம். அடையாள அட்டையிலும் பல்கலைக்கழகப் பதிவிலும் உள்ளபடியே சான்றிதழிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிறகு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இரண்டும் ஒரே ஆள் என்று சத்தியக்கடதாசி முடித்துக்கொண்டு அலைய நேரும். உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரையும் பாருங்கள். 2021 ஓகஸ்டில் அது தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. யாரோ ஒருவருடைய கணினியில் கிடக்கும் பழைய கடிதத்தில் இன்னும் "யாழ். பல்கலைக்கழக வவுனியா வளாகம்" என்று இருந்தால் அதுவே உங்கள் கடிதத்திலும் வந்துவிடும். "தபாலில் அனுப்பிவிடுகிறோம்" என்றால், முடிந்தவரை நின்று கையிலேயே வாங்கிக்கொண்டு வாருங்கள். அங்கிருந்து புளியங்குளம் சந்திக்கு பஸ்ஸில் வந்து, பிறகு நெடுங்கேணிக்கு வேறு பஸ் பிடிக்கும் பாதையில் ஒரு கையொப்பத்துக்காகத் திரும்பப் போய்வருவது லேசான காரியம் அல்ல.

சரி, அலுவலக வேலை இவ்வளவுதான். பயிற்சி உண்மையில் முடிந்ததா என்பதை நான் வேறொன்றை வைத்துத்தான் பார்ப்பேன். நீங்கள் விட்டுவரும் கொப்பியைத் திறந்து, உங்களை ஒருபோதும் காணாத ஒருவர் அடுத்த நாளே அதே வேலையைத் தொடர முடியுமா?

தண்ணீரில் கரைந்திருக்கும் ஃபுளோரைட் என்ற கனியுப்பை எடுத்துக்கொள்வோம். "கிணறு 4 – 1.8" என்று மட்டும் எழுதியிருந்தால் அது யாருக்கும் பயன்படாது. மாதிரி எடுத்த திகதி, மழைக்கு முன்னரா பின்னரா, குழாய்க் கிணறா கட்டுக் கிணறா, பிளாஸ்டிக் போத்தலா (கண்ணாடியில் ஃபுளோரைட் மாதிரியை வைப்பதில்லை), அன்றைக்கு என்னென்ன நியமக் கரைசல்களால் (செறிவு முன்னமே தெரிந்த கரைசல்கள்) மின்வாயை (ஃபுளோரைட்டை அளக்கும் உணரி) சரிபார்த்தீர்கள், சாய்வு (செறிவு பத்து மடங்காகும்போது மின்னழுத்தம் மாறும் அளவு) எத்தனை மில்லிவோல்ட் வந்தது, இவ்வளவும் வேண்டும். 25 பாகை செல்சியசில் அந்தச் சாய்வு 59ஐ ஒட்டி வர வேண்டும். ஒரு நாள் அது நன்றாகக் குறைந்திருந்தால் அன்றைய அளவீடுகள் எல்லாமே சந்தேகத்துக்குரியவை. அதை மறைக்காமல் அந்தப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். பிழைத்த நாளும் அடுத்து வருபவருக்குத் தேவையான தகவல்தான்.

குளிர்சாதனப் பெட்டியையும் மறக்க வேண்டாம். உங்களுக்கு மட்டும் விளங்கும் குறியீடு போட்ட போத்தல்களை விட்டுவந்தால் அவற்றை எறியவும் முடியாமல் பாவிக்கவும் முடியாமல் மற்றவர்கள் தவிப்பார்கள். உலோகச் சோதனைக்காக நைத்திரிக் அமிலம் விட்டவை இருந்தால் இன்னும் ஆபத்து. தொழில்நுட்ப உத்தியோகத்தருடன் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்து, வேண்டியதற்குப் புது லேபல் ஒட்டுங்கள், வேண்டாததை அவர் சொல்லும் முறையில் அகற்றுங்கள். இந்த ஆறு மாதமும் மின்வாயைக் கழுவுவதிலிருந்து உங்களுக்குக் கை பிடித்துக் காட்டியவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார். அறிக்கையின் நன்றியுரையில் பேராசிரியரின் பெயரோடு அவருடைய பெயரும் வர வேண்டும்.

அளவீடுகள் ஆய்வுகூடத்துக்கு உரியவை என்று வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள். மூலக் கொப்பி அங்கேயே இருக்க வேண்டும். பிரதி வேண்டுமென்றால் வாயால் கேட்காமல் மின்னஞ்சலில் கேளுங்கள்: பயிற்சி அறிக்கையில் எந்த அட்டவணைகளைப் போடலாம், பிறகு ஆய்வுக் கட்டுரை எழுதினால் என் பெயர் சேருமா? இரண்டாவது கேள்வியைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். போகும்போது கேட்டால் அது சாதாரணப் பேச்சு; கட்டுரை வெளிவந்த பிறகு கேட்டால் மனக்கசப்பு. அங்கே தந்த மின்னஞ்சல் கணக்கு நீங்கள் வந்ததும் மூடப்படலாம் என்பதால், அந்தப் பதில் உங்கள் சொந்த முகவரிக்கும் வரட்டும்.

பரிந்துரைக் கடிதத்துக்கு இப்போதே மேற்பார்வையாளரிடம் ஒரு சொல் போட்டுவையுங்கள். செய்த வேலைகளை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால், "நல்ல பிள்ளை, ஒழுங்காக வந்தார்" என்பதற்குப் பதிலாக, என்ன கருவியில் எதை அளந்தீர்கள் என்று அவரால் எழுத முடியும். மேற்படிப்புக்குப் போகும்போது அப்படிப்பட்ட கடிதம்தான் கைகொடுக்கும்.

கடைசியாக ஊர்க் கிணறுகள். உங்கள் கேள்வியில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். வாளியை இறக்கித் தண்ணீர் அள்ளித் தந்த சனத்துக்கு விடை சொல்லாமல் விட்டுவிடுவது சரியில்லை. ஆனால் மேற்பார்வையாளர் சம்மதிக்கும் வரை ஓர் இலக்கத்தையும் சொல்லாதீர்கள். அறிக்கையில் வீட்டுக்காரரின் பெயர் வேண்டாம், குறியீடு போதும். சம்மதம் கிடைத்ததும் ஒவ்வொருவருக்கும் அவரவர் கிணற்றின் முடிவை மட்டும், ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுங்கள். பக்கத்து வீட்டுக் கிணற்றின் கதை அதில் வேண்டாம்.

ஃபுளோரைட்டுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், இலங்கையின் குடிநீர்த் தரம் எஸ்எல்எஸ் 614 இன்னும் இறுக்கமாக 1.0 என்கிறது. இரண்டையும் எழுதுங்கள். இது ஒரு நாள் எடுத்த மாதிரி, மாரியிலும் கோடையிலும் மாறலாம் என்பதையும் எழுதுங்கள். "கொதிக்கவைத்துக் குடித்தால் சரிதானே?" என்று கட்டாயம் கேட்பார்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், கேத்திலில் சுண்ணாம்பு படியும். ஃபுளோரைட் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். இதை முகத்துக்கு நேரே விளங்கப்படுத்துங்கள். சிறுநீரக நோயைப் பற்றியும் கேட்பார்கள். உலர் வலயத்தில் பரவியுள்ள அந்த நோய்க்கு இன்னதுதான் காரணம் என்று இன்னும் உறுதியாகவில்லை. அதனால் உங்கள் ஓர் இலக்கத்தை வைத்து ஆம் என்றும் சொல்லாதீர்கள், இல்லை என்றும் சொல்லாதீர்கள்.

அளவு கூடிய கிணறு ஏதும் இருந்தால், மேற்பார்வையாளர் கையொப்பமிட்ட முடிவுத் தாளோடு உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய்ப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தியுங்கள். திரும்ப மாதிரி எடுப்பதா, அந்த வீட்டுக்குக் குடிக்க வேறு தண்ணீர் பார்ப்பதா என்பதை அவரோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். அதற்குள் ஊரில் யாரும் பயந்து கிணற்றை மூடிவிடாதபடி, முதலில் அந்த வீட்டுக்கு நீங்களே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள்.