அறைக்கு அறை ஒரே பாட்டு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கூடம், சமையலறை, படுக்கையறை மூன்றிலும் தலா ஒரு புளூடூத் ஸ்பீக்கர் இருக்கிறது. மூன்றும் வெவ்வேறு கம்பெனி. ஒரே பாட்டை மூன்றிலும் ஒன்றாக ஒலிக்க வைக்க முடியுமா?

பதில்: நம்பி இருக்கும்படி முடியாது. காரணம் நேரம். இரண்டு ஸ்பீக்கர்களின் ஒலி ஏறத்தாழ 30 மில்லிசெகண்டுக்குள் வந்து சேர்ந்தால் காது அதை ஒன்றாக எடுத்துக்கொள்ளும். 50-ஐத் தாண்டினால் எதிரொலி மாதிரி கேட்கும். புளூடூத் ஸ்பீக்கர்கள் 100 முதல் 200 மில்லிசெகண்ட் வரை தாமதிப்பது சாதாரணம். அந்தத் தாமதமும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு.

தொடக்கத்தில் எப்படியோ சரிசெய்துவிட்டாலும் அது நிலைக்காது. ஒவ்வொரு ஸ்பீக்கருக்குள்ளும் ஒரு கடிகாரப் படிகம் ஓடுகிறது. இரண்டு படிகங்களுக்கிடையே பத்து லட்சத்தில் 50 பங்கு பிசகு இருந்தாலே, 10 நிமிடத்தில் 30 மில்லிசெகண்ட் விலகிவிடும். பல அறைகளுக்கென்றே செய்த கருவிகள் வீட்டு நெட்வொர்க் வழியாக இந்தக் கடிகாரங்களை ஓயாமல் ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டே இருக்கின்றன. வாங்குகிற பணம் பெரும்பாலும் இந்த வேலைக்குத்தான். அதனால் எல்லா அறைக்கும் ஒரே அமைப்பைச் சேர்ந்த கருவிகளாக வாங்குங்கள். இப்போதுள்ள ஸ்பீக்கர்களில் ஆக்ஸ் துளை (கம்பி வழியாக ஒலியை வாங்கும் துளை) இருந்தாலும், அவசரப்பட்டு அதில் சொருக நெட்வொர்க் வழியாகப் பாட்டு வாங்கும் பெட்டி வாங்க வேண்டாம். மின்கலத்தில் ஓடும் பல ஸ்பீக்கர்கள் சிறிது நேரம் சத்தம் வராவிட்டால் தாமாகவே அணைந்துவிடும். தினமும் போய் எழுப்ப வேண்டியிருக்கும்.

கேள்வி: எந்தக் கம்பெனி நம்பகமானது? பத்து வருடமாவது உழைக்க வேண்டும்.

பதில்: ஸ்பீக்கர் கூம்பும் ஆம்ப்ளிஃபயரும் பத்து வருடம் தாராளமாக உழைக்கும். முதலில் போவது போனில் இருக்கும் செயலியும் கம்பெனியின் சர்வரும்தான். நடந்தவற்றைப் பாருங்கள். சாதாரண ஸ்பீக்கரை வைஃபையில் பாட வைக்கும் குரோம்காஸ்ட் ஆடியோ கருவியின் விற்பனையைக் கூகுள் 2019-ல் நிறுத்தியது. 2025 மார்ச்சில் ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானதும், நல்ல நிலையில் இருந்த அந்தக் கருவிகள் சில நாட்கள் வேலை செய்யவில்லை. திருத்தம் வந்த பிறகே மீண்டன. பல அறை ஸ்பீக்கர் செய்யும் சோனோஸ் கம்பெனி 2024 மே மாதம் செயலியை அடியோடு மாற்றியது. அலாரம் வைப்பது, பாட்டு வரிசையைத் திருத்துவது போன்ற பழகிய வசதிகள் அதில் காணாமல் போயின. ஒவ்வொன்றாகத் திரும்பி வர மாதங்கள் ஆயின. லாஜிடெக் 2012-ல் கைவிட்ட ஸ்குவீஸ்பாக்ஸ் என்ற நெட்வொர்க் பாட்டுப் பெட்டிகளோ இன்றும் பாடுகின்றன. அவற்றின் சர்வர் மென்பொருள் திறந்த மூலம், அதாவது யாரும் எடுத்துத் திருத்தலாம். வீட்டுக் கணினியிலேயே ஓடும். லிரியன் என்ற பெயரில் ஆர்வலர்கள் இன்னமும் பராமரிக்கிறார்கள்.

ஆகவே பெயரைப் பார்க்காமல் ஒரு சோதனை செய்யுங்கள். முதலில் இரண்டே கருவிகள் வாங்கி, திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும். ரவுட்டரை அணைக்காமல், வெளியிலிருந்து வரும் இணைய இணைப்பை மட்டும் கழற்றுங்கள். இப்போது இரண்டு அறைகளையும் குழுவாகச் சேர்க்க முடிகிறதா? கருவியின் மேலுள்ள பொத்தானால் ஒலியைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா? வீட்டுக் கணினியிலோ பென் டிரைவிலோ இருக்கும் பாட்டு ஓடுகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அந்த அமைப்பு உங்கள் வீட்டை நம்பி இருக்கிறது. இல்லையென்றால் எங்கோ இருக்கும் சர்வரை நம்பி இருக்கிறது.

ஈத்தர்நெட் துளையும் ஆக்ஸ் உள்ளீடும் கட்டாயம் இருக்கட்டும். போனிலிருந்து ஸ்பீக்கருக்குப் பாட்டு அனுப்பும் ஏர்பிளே 2, குரோம்காஸ்ட் போன்ற பொது வழிகளில் இரண்டையாவது ஏற்பது நல்லது. கம்பெனியின் சொந்தச் செயலி சொதப்பும் நாளில் கை கொடுக்கும்.

கேள்வி: நான்கு அறைகளில் வைஃபை ஸ்பீக்கர். காலையில் ஒழுங்காகப் பாடுகிறது. மாலை 7 மணிக்கு மேல் விட்டு விட்டு வருகிறது. வேகமான இணைய இணைப்புக்கு மாறியும் பயனில்லை. சில நாள் செயலியில் ஒரு ஸ்பீக்கரே காணவில்லை.

பதில்: இணைய வேகம் இங்கே காரணமே இல்லை. சுருக்காத சிடி தர ஒலிக்கே நொடிக்கு 1.4 மெகாபிட் போதும். மாலையில் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் ஒரே அலைவரிசையில் பேச ஆரம்பிக்கின்றன. உங்கள் ஸ்பீக்கருக்குப் பேச முறை கிடைப்பதில்லை. மைக்ரோவேவ் அடுப்பும் வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம்தான் இரைகிறது.

பெரும்பாலான அமைப்புகளில் ஒரு ஸ்பீக்கர் தலைமை ஏற்றுப் பாட்டை வாங்கி மற்றவற்றுக்குப் பங்கிடும். தலைமை ஸ்பீக்கர் வைஃபையில் இருந்தால் பாட்டின் ஒவ்வொரு தரவுப் பொட்டலமும் காற்றில் பல தடவை போய்வர வேண்டும். ரவுட்டருக்கு அருகில் இருக்கும் ஸ்பீக்கரை லேன் கேபிளில் இணைத்து, எப்போதும் அதில் பாட்டைத் தொடங்கி மற்ற அறைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதித் தொல்லை இதிலேயே அடங்கிவிடும். பிறகு 5 கிகாஹெர்ட்ஸ் ஏற்கும் ஸ்பீக்கர்களை அதற்கு மாற்றுங்கள். 2.4-லேயே இருக்க வேண்டியவற்றுக்கு, ரவுட்டரில் சேனலைத் தானியங்கியில் விடாமல் 1, 6, 11 ஆகியவற்றில் நெரிசல் குறைந்த ஒன்றில் நிறுத்தி, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்குங்கள்.

ஸ்பீக்கர் காணாமல் போவது வேறு நோய். செயலி, ‘யார் யார் இருக்கிறீர்கள்’ என்று நெட்வொர்க் முழுவதற்கும் கூவித்தான் ஸ்பீக்கர்களைக் கண்டுபிடிக்கிறது. அந்தக் கூவல் விருந்தினர் வைஃபைக்குப் போகாது. இணையக் கம்பெனி கொடுத்த ரவுட்டருக்குப் பின்னால் இன்னொரு ரவுட்டர் வைத்திருந்தால் ஒன்றிலிருந்து மற்றதற்கும் போகாது. இரண்டில் ஒன்றை பிரிட்ஜ் நிலைக்கு (தனி நெட்வொர்க் அமைக்காமல் வெறுமனே கடத்தும் நிலை) மாற்றுங்கள். போனில் விபிஎன் ஓடினாலும் இப்படி ஆகலாம். ஐபோனில் அந்தச் செயலிக்கு உள்ளூர் நெட்வொர்க் அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ரவுட்டரில் நிலையான ஐபி முகவரி ஒதுக்கிவிட்டால், மின்சாரம் போய் வந்த பிறகு வரும் குழப்பமும் குறையும்.

கேபிள் சொருகியதும் வீட்டு நெட்வொர்க் முழுவதும் திணறினால், தங்களுக்குள் தனி வலை பின்னிக்கொள்ளும் ஸ்பீக்கர்கள் கம்பி வழியாகவும் காற்று வழியாகவும் ஒரு வளையத்தை உண்டாக்கியிருக்கலாம். கம்பியில் இருக்கும் ஸ்பீக்கரின் வைஃபையை அணையுங்கள்.

கேள்வி: வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். சுவர் பூசுவதற்கு முன் என்ன கம்பி போட வேண்டும்?

பதில்: நல்ல நேரத்தில் கேட்டீர்கள். ரவுட்டர் இருக்கப்போகும் இடத்திலிருந்து அறைக்கு இரண்டு கேட் 6 ரக லேன் கேபிள். நடுவில் ஒட்டுப் போடாமல், ஒவ்வொன்றும் 100 மீட்டருக்குள். கூரையிலோ சுவரிலோ ஸ்பீக்கர் பதிப்பதென்றால் ஆம்ப்ளிஃபயர் இடத்திலிருந்து ஸ்பீக்கர் கம்பியும் வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 17 மீட்டர் வரை, 2.5 சதுர மில்லிமீட்டர் ஏறக்குறைய 29 மீட்டர் வரை. இந்தக் கணக்கில் கம்பியின் தடை ஸ்பீக்கர் தடையில் 5 சதவீதத்துக்குள் நிற்கும். 4 ஓம் என்றால் தூரத்தைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். செம்பு பூசிய அலுமினியக் கம்பி வேண்டாம். அதே தடிமனில் தடை கூடுதல். மின்சாரக் கம்பி போகும் குழாயில் இவற்றைச் சேர்த்து இழுக்கக் கூடாது. ஒரு காலிக் குழாய் கூடுதலாகப் போட்டு, உள்ளே இழுகயிறும் விட்டு வையுங்கள். பூசுவதற்கு முன் குழாய் போகும் சுவர்களை அளவுகோலோடு படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: ஒரே ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரில் நான்கு அறைக்கு 8 ஸ்பீக்கர் கொடுக்கலாமா?

பதில்: நேரடியாகக் கொடுத்தால் கெட்டுவிடும். இடம், வலம் என்று பக்கத்துக்கு நான்கு 8 ஓம் ஸ்பீக்கர்களை இணையாகச் சேர்த்தால் மொத்தம் 2 ஓம்தான். ‘4 ஓமுக்குக் குறையக் கூடாது’ என்று போட்டிருக்கும் ஆம்ப்ளிஃபயர் சூடேறி அடிக்கடி அணையும். பாதுகாப்புச் சுற்று சரியில்லாததானால் வெளியீட்டு டிரான்சிஸ்டரே போய்விடும். தொடரும் இணையுமாகக் கலந்து 8 ஓமுக்குக் கொண்டுவரலாம்தான். ஆனால் ஓர் அறையில் கம்பி விட்டுப்போனால் இன்னோர் அறையும் ஊமையாகும். அறைவாரியாக ஒலியைக் குறைக்கவும் முடியாது. தடையைச் சமன்செய்யும் சுவர் ஒலித்திருகி போட்டால் இரண்டு குறையும் தீரும். புதிதாகவே வாங்குவதானால் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனி வெளியீடு தரும் 8 சேனல் ஆம்ப்ளிஃபயர் எடுங்கள். அறைக்கு அறை வேறு வேறு பாட்டு போடலாம்.

கேள்வி: கூடத்து டிவி சத்தம் சமையலறையிலும் கேட்க வேண்டும்.

பதில்: கேட்கலாம், உதட்டசைவு பொருந்துவதுதான் சிக்கல். எல்லா அறைகளையும் ஒன்றாக ஓடவைக்க அமைப்பு ஒலியைச் சற்று நேரம் தேக்கி வைக்கிறது. படத்தையும் அதே அளவு பிந்தவைக்க டிவியால் முடியாது. டிவிக்கு அருகில் இருக்கும் ஸ்பீக்கர் தாமதமின்றி ஒலித்து மற்ற அறை மட்டும் சற்றுப் பிந்துவது சில அமைப்புகளின் ஏற்பாடு. அப்படியானால் கதவு திறந்திருக்கும்போது இரண்டும் சேர்ந்து எதிரொலிக்கும். செய்தி கேட்கத்தான் என்றால், சமையலறையில் அதே சேனலைத் தனியாகப் போடாமல், கூடத்து ஒலியைச் சிறிது குறைத்துக்கொள்ளுங்கள், எதிரொலி உறுத்தாது.