பழ ஈயின் விந்தணு வளர்ச்சியை ஆராய்வதால் மனிதருக்கு என்ன பயன்?

பழ ஈயின் விந்தகத்தில் விந்தணு உருவாகும் கட்டங்கள் அனைத்தும் நுனியிலிருந்து வரிசையாகக் காணக்கிடைக்கின்றன என்பதே இதன் முதல் சிறப்பு. குருத்தணுவிலிருந்து (புதிய செல்களைத் தொடர்ந்து உருவாக்கும் மூலச் செல்) பிரிந்த செல் நான்கு முறை பிளந்து 16 ஆகிறது. குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் ஒடுக்கற்பிரிவுக்குப் பின் அவை 64 இளம் விந்தணுக்களாகி ஒரே கட்டாக நீள்கின்றன. எனவே ஒரு மரபணுவைச் செயலிழக்கச் செய்து, வளர்ச்சி எந்தக் கட்டத்தில் தடைபடுகிறது என்று பார்த்தாலே அதன் பணி பெரும்பாலும் புலப்பட்டுவிடும்.

ஒய் குரோமோசோம் இல்லாத ஈ தோற்றத்தில் ஆணாகவே இருந்தாலும் மலடாக இருக்கும் என்பதைக் அமெரிக்க மரபியலாளர் கால்வின் பிரிட்ஜஸ் 1916-இலேயே காட்டினார். விந்தணுவின் வாலை இயக்கும் டைனீன் புரதங்கள் சிலவற்றுக்கான மரபணுக்கள் அந்தக் குரோமோசோமில் இருப்பது பின்னர் தெரியவந்தது.

இத்தகைய ஆய்வு மனிதருக்குப் பயன்படும் என்பதற்கு, என் பார்வையில் மிக வலுவான சான்று 1997-இல் விவரிக்கப்பட்ட 'ஃபஸி ஆனியன்ஸ்' மரபணுதான். இளம் விந்தணுவில், செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்புகளான மைட்டோகாண்ட்ரியாக்கள் ஒன்றிணைந்து வெங்காய அடுக்குகள் போன்ற உருண்டையாக வேண்டும்; இந்த மரபணு பழுதுற்றால் அந்த இணைப்பு நிகழாமல் ஈ மலடாகிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த மனித மரபணுவான மைட்டோஃபியூசின் 2 பழுதுற்றால், கைகால் நரம்புகளைத் தாக்கும் சார்கோ-மாரி-டூத் நோயின் ஒரு வகை உண்டாகிறது. மலட்டுத்தன்மையை ஆராய்ந்தவர்களின் கண்டுபிடிப்பு நரம்பியலுக்கும் உதவியது இப்படித்தான்.

ஏறத்தாழ 1.8 மில்லிமீட்டர் நீளமுள்ள ஈயின் விந்தணு மனித விந்தணுவைவிடப் பன்மடங்கு நீளமானது என்பதால், எல்லா முடிவுகளையும் அப்படியே மனிதருக்குப் பொருத்திவிட முடியாது. ஒவ்வொன்றையும் பாலூட்டிகளில் தனியே சோதித்தாக வேண்டும்.