பம்பிள் பீ பாம்புக் குட்டி தலையைத் திருகுவது சத்துக் குறைவாலா?

கேள்வி: செந்தூலில் வசிக்கிறேன். வாங்கி மூன்று மாதமான 'பம்பிள் பீ' பால் பைத்தான் (ball python) மலைப்பாம்புக் குட்டி, எலியைக் கண்டதும் தலையை ஆட்டித் திருகி, மல்லாந்துவிடுகிறது. கொத்தினால் குறி தவறுகிறது. சத்துக் குறைவு, வளர்ந்தால் சரியாகும் என்று விற்றவர் வைட்டமின் சொட்டுமருந்து கொடுத்தார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். வாங்கிய நாளிலிருந்தே இப்படி என்றால் இது சத்துக் குறைவும் இல்லை, தொற்றும் இல்லை. வளர்ந்தாலும் போகாது.

பம்பிள் பீ என்றால் பாஸ்டல், ஸ்பைடர் என்ற இரண்டு நிற வகைகளும் சேர்ந்தது. ஆட்டம் ஸ்பைடர் மரபணுவோடு வருவது. 2022இல் வெளியான ஆய்வொன்றில் ஸ்பைடர் பாம்புகளின் தலையை நுண் சிடி ஸ்கேன் எடுத்தபோது, உள்காதில் சமநிலை காக்கும் அரைவட்டக் குழாய்களே கோணலாக இருந்தன. எது மேல், எது கீழ் என்று பாம்புக்குத் தெரிவதில்லை. பிறவியிலேயே கோணலான காதைச் சொட்டுமருந்து நிமிர்த்தாது. அளவு மீறிய வைட்டமின் ஏ, டி உடம்பைக் கெடுக்கும்.

இடைத்தரகர்கள் 'ஸ்பைடர்' என்ற சொல்லையே வாயில் எடுப்பதில்லை. கில்லர் பீ, ஹனி பீ, ஸ்பின்னர் எல்லாமே ஸ்பைடர்தான். புகைப்படத்தில் பாம்பு அழகாகச் சுருண்டிருக்கும். இரை எடுக்கும் வீடியோ கேட்டால் பதில் வராது. பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) உரிமம் பாம்பின் இனத்தைப் பார்க்கிறது, பிறவிக் குறையைப் பார்ப்பதில்லை. இதைக் கேட்க ஆளில்லாததால்தான் இந்த வியாபாரம் இன்னும் ஓடுகிறது. நீங்களாவது இனப்பெருக்கம் செய்யாதீர்கள். குட்டிகளில் ஏறக்குறைய பாதிக்கு இது போகும்.

உயிருள்ள எலி கூடவே கூடாது. குறி தவறினால் எலி பாம்பைக் கடித்துவிடும். உறைந்த எலியை முழுக்க இளக்கி, வெந்நீரில் 38 டிகிரிக்குச் சூடாக்குங்கள். நீண்ட இடுக்கியில் பிடித்து, மூக்கிலிருந்து நான்கு விரல் தள்ளி அசையாமல் காட்டுங்கள். ஆட்டி ஆட்டிக் காட்டினால் பாம்பு பரபரத்துத் திருகல் கூடும். எடுக்காவிட்டால் ஒளிவிட வாசலில் வைத்துவிட்டு விளக்கை அணையுங்கள். எலி, பாம்பின் எடையில் 10 முதல் 15 சதவீதம். வாரம் ஒரு முறை. பெட்டியின் சூடான பக்கம் 31–32 டிகிரி, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கட்டாயம். சமையலறைத் தராசில் வாராவாரம் எடை பாருங்கள்.

ஒன்றை மட்டும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். நேற்றுவரை நன்றாக இருந்த பாம்பு திடீரென ஆடத் தொடங்கினால், அது ஸ்பைடராகவே இருந்தாலும், மரபணுவைக் காரணம் சொல்லி உட்காராதீர்கள். டெங்கிக்காகத் தெருவில் புகை அடித்தார்களா? அறையில் கொசு மருந்து தெளித்தீர்களா? உண்ணிக்கு மருந்து போட்டீர்களா? இவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் போன்ற பூச்சிக்கொல்லிகள் பாம்பின் நரம்பைத் தாக்கும். உடனே பெட்டியைக் காற்றோட்டமான வேறு இடத்துக்கு மாற்றி, விரிப்பையும் தண்ணீரையும் கொட்டிப் புதிதாக வையுங்கள். ஆட்டத்தை வீடியோ எடுத்து, அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். நாய், பூனை மட்டும் பார்க்கும் கிளினிக்குகளே அதிகம். பாம்பு பார்ப்பார்களா என்று முதலில் போனில் கேளுங்கள். வழியில் எங்கே இறங்கினாலும் பெட்டியைக் காரில் விட்டுப் போகாதீர்கள்.