கலை படிக்காதவர்கள் கூடி, இயற்கையை வைத்து உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா?

தாராளமாக முடியும், ஏற்கெனவே செய்தும் காட்டியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் பிறந்த மார்கரெட் வெர்தைம், கிறிஸ்டின் வெர்தைம் என்ற சகோதரிகள், அங்கே கிரேட் பேரியர் ரீஃப் என்ற பெரிய பவளப்பாறைத் தொடர் வெளுத்துப்போகிறதே என்ற கவலையில் 2005-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நூலால் பவளப்பாறை பின்ன ஆரம்பித்தார்கள். அப்புறம் சிகாகோ, லண்டன் என்று பல ஊர்க்காரர்களும் சேர்ந்து ஆளுக்கொரு துண்டு பின்னித் தங்கள் ஊருக்கென்று ஒரு பாறை செய்தார்கள். இந்தப் பின்னல் 2019 வெனிஸ் பினாலே என்ற கலைக் கண்காட்சி வரை போய்விட்டது.

செய்முறைக்குப் பின்னால் இருப்பது கணக்கு. குரோஷே ஊசியில் (நுனியில் கொக்கி உள்ளது) பின்னும்போது ஒவ்வொரு வரிசையிலும் ஐந்து கண்ணிக்கு, அதாவது ஐந்து நூல் வளையத்துக்கு, ஒன்று கூடுதலாகச் சேர்த்துக்கொண்டே போனால், துணி தட்டையாகக் கிடக்க இடமில்லாமல் ஓரம் கொசுவம்போல நெளிந்து எழும்பும், இரண்டுக்கு ஒன்று என்றால் நெளிவு இன்னும் நெருக்கமாகிவிடும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணித ஆசிரியர் 1997-இல் இப்படி நெளியும் பரப்பை வகுப்பில் காட்டுவதற்காகக் கண்டுபிடித்த வழி இது. சில பவளங்களுக்கும் கடற்பாசிகளுக்கும் இருப்பது இதே மடிப்புதான்.

குழுவுக்கு இது ஏன் பொருந்துகிறது என்றால், விதி ஒன்றே ஒன்று, யாராவது கண்ணியைத் தப்பாக எண்ணினாலும் புதிதாக ஒரு பவளம் கிடைக்கும், அவ்வளவுதான் (ஓவியத்தில் இந்தச் சலுகை கிடையாது!). பிளாஸ்டிக் பைகளைக் கீற்றாக வெட்டியும் பின்னியிருக்கிறார்கள். நீங்கள் தொடங்குவதானால் விறைப்பான அக்ரிலிக் நூல் வாங்குங்கள், மெத்தென்ற நூலில் மடிப்பு நிற்காமல் தொங்கிவிடும்.