ஓவர்கிளாக் பண்ணலாமா அண்ணாச்சி?

கேள்வி: ரைசன் 5 5600 புராசஸர், பி450 போர்டு, பெட்டியில் வேகம் 3200 என்று போட்டிருந்த 8 ஜிபி ராம் இரண்டு வைத்திருக்கிறேன். 'புராசஸரை 4.7 கிகாஹெர்ட்ஸுக்கு ஏத்து, ராமை 3800க்கு ஏத்து, சும்மா பறக்கும்' என்கிறான் கூடப் படிக்கிறவன். ஏற்றலாமா? சிப் கருகிவிடாதே?
- கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

பதில்: கருகாது தம்பி. (கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஏற்றுவதைத்தான் ஓவர்கிளாக் என்கிறோம்.) 90 டிகிரியைத் தொட்டதும் 5600 தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதையும் தாண்டிப் போனால் மெஷின் அணைந்துவிடும். நாள்பட சிப்பைத் தின்பது வோல்டேஜ். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரியில் ஸ்பீடு என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 2400, 2666 என்று ஏதாவது காட்டினால், 3200க்குக் காசு கொடுத்துவிட்டு அதை இன்னும் வாங்கிக்கொள்ளவே இல்லை என்று அர்த்தம். பயாஸ் என்கிற போர்டின் செட்டிங் திரைக்குள் போய் எக்ஸ்எம்பி என்பதை ஆன் செய்யுங்கள், சில போர்டுகளில் அதற்கு டிஓசிபி என்று பெயர். ராம் வோல்டேஜ் 1.2லிருந்து 1.35க்கு ஏறும், பயப்பட வேண்டாம், அந்த ராமைச் செய்தவர்கள் எழுதிவைத்த கணக்குதான் அது. என்னிடம் வருகிற அசெம்பிள் மெஷின்களில் இதை ஆன் பண்ணாமல் வருவதுதான் அதிகம். (சிபியு-இசட் என்ற புரோகிராமில் பார்த்துவிட்டு 1600தான் காட்டுகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அது பாதியைத்தான் காட்டும்.)

3800 வேண்டாம். ரைசனுக்குள்ளே ஒரு பாதை ஓடுகிறது, இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்பார்கள், ராம் எண்ணில் பாதி வேகத்தில் அதுவும் சேர்ந்து ஓடினால்தான் லாபம். 3600 ராமுக்கு 1800, அது உங்கள் சிப்புக்குப் பெரும்பாலும் முடியும். 3800க்கு 1900 வேண்டும், அது கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம். இரண்டும் தாளம் தப்பினால் எண் பெரிதாகவும் மெஷின் மெதுவாகவும் இருக்கும்.

எது வைத்தாலும் ராமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86ஐப் பென்டிரைவில் போட்டு, ராத்திரி படுக்கப் போகும்போது ஓடவிடுங்கள். நாலு சுற்று முடிந்து பிழை பூஜ்யம் என்று வர வேண்டும், ஒன்று வந்தாலும் அந்த செட்டிங் தோல்வி. விண்டோஸ் திறந்தது, கேம் ஓடியது என்பதெல்லாம் கணக்கில் வராது. நான் பட்டிருக்கிறேன். 3200 ராமை 3600க்கு ஏற்றிவிட்டு ஒரு வாரம் கேம் ஆடினேன், ஒரு தடங்கல் இல்லை. அக்கா பிள்ளையின் காதுகுத்துப் படங்களை அந்த மெஷினில்தான் காப்பி பண்ணினேன், கையோடு கார்டையும் அழித்துவிட்டேன். பிறகு திறந்து பார்த்தால் ஏழெட்டுப் படங்களில் பாதிக்குமேல் ஒரே சாம்பல் பட்டை. என் மடியில் பிள்ளை, ஆசாரியின் கை, அதோடு படம் முடிந்துவிடுகிறது. ராமில் ஒரு பிட் தவறினால் மெஷின் கத்தாது, தப்பாகவே எழுதிவைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். அக்கா இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள்.

இனி புராசஸர். உங்கள் சிநேகிதன் வீட்டில் ஏசி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். வோல்டேஜை 10 சதவீதம் ஏற்றினால், வேகம் அப்படியே இருந்தாலும், சூடு ஏறத்தாழ 21 சதவீதம் ஏறும், ஏனென்றால் சூடு வோல்டேஜின் வர்க்கத்தோடு போகிறது. நம் ஊர் சித்திரை வெயிலில் அறையே 36, 37 டிகிரியில் கிடக்கும், எவ்வளவு பெரிய கூலர் போட்டாலும் அந்தக் காற்றைத்தான் அது வீசும். அதனால் நான் சொல்வது நேர் எதிர் வழி. 4.7 என்று ஆணியடித்து நிறுத்தாமல் பயாஸில் பிபிஓவை (சிப் தானே வேகத்தை ஏற்றிக்கொள்ளும் வசதி) ஆன் செய்து, கர்வ் ஆப்டிமைசர் என்ற செட்டிங்கில் எல்லாக் கோருக்கும் மைனஸ் 10 கொடுங்கள். அதே வேகத்துக்குக் குறைந்த வோல்டேஜ் போதும் என்று சிப்புக்குச் சொல்வதுதான் இது, சூடு குறைந்த இடத்தில் சிப்பே கொஞ்சம் மேலே ஏறிக்கொள்ளும். பிசகாமல் ஓடினால் மைனஸ் 15. சிப்பை முழு வேலை வாங்கும் சினிபெஞ்சை அரை மணி நேரம் ஓட்டுங்கள், பக்கத்தில் எச்டபிள்யூஇன்ஃபோவில் சூட்டைப் பாருங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள்: இந்த செட்டிங் அதிகமாகிப்போனால் முழு வேலையில் காட்டிக்கொடுக்காது, சும்மா பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போது பொசுக்கென்று ரீஸ்டார்ட் ஆகும். அப்படி ஆனால் ஐந்து படி பின்னால் வந்துவிடுங்கள்.

கையால்தான் ஏற்றுவேன் என்றால் உங்கள் இஷ்டம், ஆனால் 1.3 வோல்ட்டுக்கு மேல் நிரந்தரமாக வைக்க எனக்கு மனசு வராது. சோதனையை மத்தியானம் இரண்டு மணிக்குச் செய்யுங்கள். மார்கழியில் நின்ற செட்டிங் சித்திரையில் நிற்காது.

கேள்வி: எக்ஸ்எம்பி ஆன் செய்தேன், திரை கறுப்பாகிவிட்டது. ஃபேன் சுற்றுகிறது, அணைகிறது, மறுபடியும் சுற்றுகிறது. போர்டு போச்சா அண்ணாச்சி?
- வாசகர், திசையன்விளை

பதில்: போகவில்லை. புது வேகத்துக்கு ராமைப் பழக்கிப் பார்க்கிறது, அவ்வளவுதான். சில நிமிடம் கை வைக்காமல் விடுங்கள், பல போர்டுகள் மூன்று தடவை தோற்றதும் தாமாகப் பழைய செட்டிங்குக்கு வந்துவிடும். வரவில்லையா, சுவரில் ஸ்விட்சை அணைத்து, வயரையும் பிடுங்கி, போர்டில் இருக்கிற சிஆர்2032 பட்டன் செல்லைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்து மாட்டுங்கள். எல்லாம் ஆரம்பத்துக்கு வந்துவிடும், தேதியும் சேர்ந்து போகும், அதை மாற்றிக்கொள்ளலாம்.

அப்புறம் ராம் எந்த ஸ்லாட்டில் இருக்கிறது பாருங்கள். நாலு ஸ்லாட் போர்டு என்றால் புராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நாலாவதும். ஒன்று போன வருஷம் வாங்கியது, ஒன்று இந்த வருஷம் வாங்கியது என்றால் சண்டைக்குக் காரணமே அதுதான். 3200 ஒத்துவராவிட்டால் கையால் 2933 வைத்துப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி: ஐ5-12400, எச்610 போர்டு, ஒரே ஒரு 8 ஜிபி ராம். எப்படி ஓவர்கிளாக் செய்வது?
- வாசகர், மேலப்பாளையம்

பதில்: முடியாது. வேகத்தை ஏற்ற விடாமல் அந்த சிப்புக்கும் கம்பெனியே போட்ட பூட்டு, போர்டுக்கும் பூட்டு. புது கூலருக்கென்று காசு வைத்திருந்தால் அதில் இன்னொரு 8 ஜிபி வாங்கி மாட்டுங்கள், இரண்டு ராமும் சேர்ந்து ஓடுகிற டூயல் சேனல் ஆகிவிடும், நீங்கள் எதிர்பார்த்த துள்ளல் அதில்தான் இருக்கிறது.

கேள்வி: கல்யாண வீடியோ எடிட்டிங் பண்ணுகிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஐ7-14700கே. ஓவர்கிளாக்கே செய்யவில்லை, ஆனாலும் ராத்திரி ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்குவது) போட்டால் பாதியில் நிற்கிறது.
- ஸ்டுடியோக்காரர், அம்பாசமுத்திரம்

பதில்: நீங்கள் செய்யவில்லை, ஆனால் உங்களுக்குத் தெரியாமல் வோல்டேஜ் ஏறியிருக்கலாம். 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகளில் தேவைக்கு மேல் வோல்டேஜ் போய் நாளடைவில் சிப் தளர்ந்துவிடுகிறது என்று இன்டெலே 2024இல் ஒத்துக்கொண்டு, ஆகஸ்டில் 0x129, செப்டம்பரில் 0x12பி என்று மைக்ரோகோடு (சிப்புக்குள் ஓடும் கட்டளைகள்) திருத்தங்களை விட்டது, வாரண்டியையும் இரண்டு வருஷம் நீட்டியது. போர்டு கம்பெனியின் தளத்தில் அந்தத் திருத்தம் அடங்கிய கடைசி பயாஸை எடுத்துப் போடுங்கள். யுபிஎஸ் இல்லாமல் அந்த வேலையில் இறங்காதீர்கள், நடுவில் கரண்ட் போனால் போர்டையே எழுப்ப முடியாமல் போகலாம். பிறகு பயாஸில் இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸைத் தேர்ந்தெடுங்கள். எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு ஒரு ரெண்டர் போட்டும் பாருங்கள், குற்றம் ராமுடையதாகவும் இருக்கலாம். இத்தனைக்கும் நிற்கிறது என்றால் சிப் ஏற்கெனவே தளர்ந்துவிட்டது, திருத்தம் அதை மீட்டுத் தராது. விற்றவரிடம் பில் இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள்.

கேள்வி: ஆடிக் காற்று தொடங்கியதிலிருந்து 70இல் இருந்த சூடு 88க்குப் போகிறது. பக்கமூடியைக் கழற்றி டேபிள் ஃபேன் வைத்திருக்கிறேன், சரியா?
- வாசகர், பணகுடி

பதில்: ஒரு நாளைக்குச் சரி. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று கொண்டுவருகிற செம்மண்ணை அந்த டேபிள் ஃபேன்தான் உள்ளே ஊதிக்கொண்டிருக்கிறது. கூலர் ஃபேனைக் கழற்றிப் பாருங்கள், தகடுகளுக்கு நடுவே கம்பளித் துண்டு மாதிரி தூசி படிந்திருக்கும். பிரஷ்ஷால் உருட்டி எடுங்கள். புளோயர் அடித்தால் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள், இல்லாவிட்டால் தறிகெட்டுச் சுற்றி பேரிங் போய்விடும். கூலரையே தூக்கிவிட்டீர்கள் என்றால் சிப்புக்கும் கூலருக்கும் நடுவே இருக்கிற பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதிது நடுவில் வைத்தால் போதும், தோசைக்கு எண்ணெய் தடவுகிற மாதிரி வழிய வழிய வேண்டாம்.