கலிஃபோர்னியா நகர நிர்வாகங்களுக்கான எக்ஸெஸ் காப்பீடு: கேள்வி பதில்

கலிஃபோர்னியாவின் அநேக நகரங்களில் நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்கும். காப்பீட்டுப் புதுப்பித்தலும் பெரும்பாலும் அன்றுதான். அதையொட்டி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

கேள்வி: சார், எங்க நகரம் முதல் 1 மில்லியன் டாலரை சொந்தப் பணத்துல கட்டும், அதுக்கு மேல எக்ஸெஸ்னு சொல்றாங்க. எக்ஸெஸ், அம்ப்ரெல்லா ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. அம்ப்ரெல்லா, அடியிலுள்ள பாலிசி தொடாத சிலவற்றையும் ஏற்கலாம். எக்ஸெஸ் உயரத்தை, அதாவது தொகையைக் கூட்டுமே தவிர அகலத்தை, அதாவது ஏற்கும் இழப்பு வகைகளைக் கூட்டாது. நகரங்கள் வாங்குவது அடுக்கடுக்கான எக்ஸெஸ். உங்கள் 1 மில்லியன்தான் ரிடென்ஷன். அதன்மேல் ஒரு நிறுவனம் 4 மில்லியன், அதற்கும் மேல் இன்னொன்று 5 மில்லியன் என்று வைத்துக்கொள்வோம்; மொத்த உயரம் 10.

மேலடுக்கு 'ஃபாலோ ஃபார்ம்' என்று புரோக்கர் சொல்வார், அதாவது கீழடுக்கின் வாசகத்தையே பின்பற்றுமாம். நடைமுறையில் "இங்கே வேறாகச் சொல்லப்பட்டாலொழிய" என்றொரு வரி இருக்கும், அதன் கீழே அந்த நிறுவனத்தின் சொந்த விலக்குகள் வரிசையாக நிற்கும். எல்லா அடுக்குகளின் விலக்குகளையும் ஒரே தாளில் அருகருகே எழுதிப் பாருங்கள். மேலடுக்கில் மட்டும் பாலியல் கொடுமை விலக்கு இருந்தால், அந்த வகை வழக்குக்கு உங்கள் உயரம் 10 அல்ல, 5.

இன்னொரு வரியையும் தேடுங்கள்: கீழடுக்கு எப்போது 'தீர்ந்ததாக' ஆகும்? "கீழடுக்கு நிறுவனமே முழுத்தொகையும் கட்டியிருந்தால்தான்" என்றிருந்தால் ஆபத்து. அந்த நிறுவனம் திவாலானாலோ, தகராறில் 3 மில்லியனோடு ஒதுங்கிக்கொண்டாலோ மேலடுக்கின் கதவு திறக்காது. மீதியை நகரம் கட்டினாலும் செல்லும் என்று எழுதி வாங்குங்கள்.

கேள்வி: 50 ஆயிரம் பேர் வசிக்கும் ஊர். 10 மில்லியன் போதாதா?

மக்கள்தொகையை வைத்து லிமிட்டை, அதாவது காப்பீட்டின் உச்சத் தொகையை முடிவு செய்வது வழக்கமாகிவிட்ட தப்பு. ஒரு சாலைச் சந்திப்பும் ஒரு கழுத்தெலும்பு முறிவும் இருந்தால் சின்ன ஊருக்கும் பெரிய தீர்ப்பு வரும்.

1986-ல் வந்த 51-ஆம் முன்மொழிவுச் சட்டப்படி, வலி, வேதனை போன்ற பொருளாதாரமற்ற இழப்பில் ஒவ்வொருவரும் தன் தவறின் பங்கை மட்டும் கட்டினால் போதும். மருத்துவச் செலவு, வருமான இழப்பு இரண்டும் அப்படியல்ல. அவற்றை யாரிடமும் முழுதாக வசூலிக்கலாம். குடிபோதையில் வந்தவர் சைக்கிள்காரரை மோதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்திப்பில் பார்வையை மறைத்த புதருக்காக நகரத்துக்கு 10 சதவீதத் தவறு. பொருளாதார இழப்பு 12 மில்லியன், மற்றது 20 மில்லியன். நகரத்தின் பங்கு 3.2 என்று கணக்குப் போடத் தோன்றும். மோதியவரிடம் குறைந்தபட்ச வண்டிக் காப்பீட்டைத் தவிர ஒன்றுமில்லை என்றால், நகரம் கட்டுவது ஏறக்குறைய 12 + 2 = 14 மில்லியன்.

டெக்சாஸ் நகரத்துக்கு ஒருவருக்கு 2.5 லட்சம், ஒரு சம்பவத்துக்கு 5 லட்சம் டாலர் என்று உடல்காய வழக்குகளில் உச்சவரம்பு உண்டு. கலிஃபோர்னியாவில் அப்படி எதுவும் இல்லை. வரம்புள்ள மாநிலங்களிலும் போலீஸ் அத்துமீறலுக்கான கூட்டாட்சிக் குடிமை உரிமை வழக்கை அந்த வரம்பு கட்டுப்படுத்தாது. தோற்றால் எதிர்த்தரப்பு வக்கீல் கட்டணமும் சேரும். 2021-ல் ஜார்ஜ் ஃபிளாய்ட் குடும்பத்துக்கு மினியாபொலிஸ் ஒத்துக்கொண்டது 27 மில்லியன் டாலர். சொந்தப் போலீஸ் துறை வைத்திருக்கும் ஊர் 10 மில்லியனில் நிற்பதை நான் ஏற்கமாட்டேன். 20, 25-க்கும் விலை கேட்டுப் பாருங்கள். மேலே போகப் போக மில்லியனுக்கான விலை குறையும்.

கேள்வி: ரிடென்ஷனை 5 லட்சத்துல இருந்து 1 மில்லியனுக்கு ஏத்தினா வருஷம் 3.2 லட்சம் பிரீமியம் மிச்சம்னு புரோக்கர் சொல்றார். ஏத்தலாமா?

10 ஆண்டு இழப்புப் பட்டியலை எடுங்கள். தனக்குக் கீழே முடிந்துபோன கிளெய்ம்களை எக்ஸெஸ் நிறுவனம் பார்த்திருக்காது, ஆகவே அவர்கள் தருவதை மட்டும் நம்பாமல் உங்கள் கிளெய்ம் நிர்வாகியிடமிருந்து முதல் டாலரிலிருந்து வரும் பட்டியலை வாங்குங்கள். அதில் 5 லட்சத்தைத் தாண்டியவை மூன்று என்று கொள்வோம்: 6.2 லட்சம், 9 லட்சம், 21 லட்சம். நீங்கள் புதிதாகச் சுமக்கப்போகும் பகுதி 1.2 + 4 + 5 = 10.2 லட்சம், அதாவது ஆண்டுக்கு 1.02 லட்சம். பழைய தொகைகளை இன்றைய தீர்ப்பு அளவுக்கு உயர்த்தி, இன்னும் முடியாத வழக்குகளின் வளர்ச்சியையும் சேர்த்து இரண்டு மடங்கு என்றாலும் 2.04 லட்சம். மிச்சம் 3.2 என்றால் ஏற்றுவது நியாயம்தான்.

ஆனால் இது சராசரி. ஒரே ஆண்டில் 1 மில்லியனைத் தாண்டும் கிளெய்ம் இரண்டு வந்தால் கூடுதலாக 1 மில்லியன் வெளியே போகும். காப்பீட்டு நிதியில் அது இருக்கிறதா? ஆக்சுவரி (காப்பீட்டுக் கணக்கு நிபுணர்) 'எதிர்பார்ப்பு' அளவில், அதாவது சராசரியாகச் சொன்ன தொகையை மட்டும் ஒதுக்கியிருந்தால் இருக்காது. 75, 80 சதவீத நம்பிக்கை அளவில், அதாவது நூற்றில் 75, 80 தடவை போதுமானதாக இருக்கும்படி நிதி வைத்த ஊர்தான் துணியலாம். மிச்சமான பிரீமியத்தைப் பூங்காவுக்குத் திருப்பிவிட்டு ரிடென்ஷனை மட்டும் ஏற்றுவது வேண்டாத வேலை.

கேள்வி: வக்கீல் செலவு ரிடென்ஷன்ல சேருமா?

வாசகத்தைப் பொறுத்தது. ரிடென்ஷன் 1 மில்லியன், சமரசம் 14 லட்சம், வக்கீல் செலவு 3.5 லட்சம் என்று வையுங்கள். செலவு ரிடென்ஷனைக் கரைக்கும் என்றால் நகரம் 10 லட்சத்தோடு நிற்கும், எக்ஸெஸ் 7.5 கட்டும். கரைக்காது என்றால் நகரம் 13.5, எக்ஸெஸ் 4. இரண்டு கொட்டேஷன்களின் பிரீமியத்தை ஒப்பிடும் முன் இந்த ஒரு வரியை ஒப்பிடுங்கள்.

கேள்வி: பல நகரங்கள் சேர்ந்த பூல் நல்லதா, சந்தையில் தனியாக வாங்குவதா?

1980-களின் நடுவில் பொறுப்புக் காப்பீடே கிடைக்காமல் போனபோது பெருகியவை இந்தக் கூட்டு அதிகார அமைப்புகள். போலீஸ், நில நகர்வு என்று தனியார் நிறுவனங்கள் முகம் சுளிப்பதற்கும் இடம் தருவார்கள், பயிற்சியும் கிடைக்கும். அதேசமயம் சட்டப்படி இது காப்பீடு அல்ல, கூட்டாகச் செய்யும் சுயகாப்பீடு. பூலில் பணம் பற்றாவிட்டால் பழைய ஆண்டுகளுக்காகவும் உங்களிடம் கூடுதல் பங்கு கேட்கலாம், வெளியேறிய பிறகும் கேட்கலாம். ஒப்பந்தத்தில் வெளியேறும் அறிவிப்புக் காலத்தையும் இந்தக் கூடுதல் வசூல் பிரிவையும் நகர வழக்கறிஞரைப் படிக்கச் சொல்லுங்கள். தனியாக வாங்கினால் சர்ப்ளஸ் லைன் நிறுவனமாக, அதாவது மாநில உரிமம் பெறாத நிறுவனமாக இருக்கும் வாய்ப்பு அதிகம். அது திவாலானால் மாநில உத்தரவாத நிதி கைகொடுக்காது. காப்பீட்டு நிறுவனங்களின் நிதி வலிமையை மதிப்பிடும் ஏ.எம். பெஸ்ட் தரவரிசையில் ஏ மைனஸுக்குக் கீழே போகாதீர்கள்.

கேள்வி: கிளெய்மை எப்போ எக்ஸெஸ் நிறுவனத்துக்குத் தெரிவிக்கணும்? தாமதம்னு சொல்லி மறுத்துட்டாங்கன்னு கேள்விப்பட்டேன்.

அதிகம் கோட்டைவிடும் இடம் இதுதான். உடல்காயம் என்றால் பாதிக்கப்பட்டவர் 6 மாதத்துக்குள் நகரத்திடம் கிளெய்ம் தர வேண்டும், நகரம் 45 நாளில் முடிவெடுக்க வேண்டும். அந்தத் தாள் வந்து சேர்வது நகர கிளார்க்கின் மேசையில். தேதி முத்திரை விழும், ஒரு பிரதி வழக்கறிஞருக்கு, இன்னொன்று நிர்வாகிக்குப் போகும். நிர்வாகி முதல் ரிசர்வாக, அதாவது இந்தக் கிளெய்முக்கு ஆகலாம் என்று ஒதுக்கும் தொகையாக 75 ஆயிரம் போடுவார். எக்ஸெஸ் பாலிசியில் "ரிசர்வ் ரிடென்ஷனில் பாதியைத் தொட்டால் தெரிவி" என்றிருக்கும், அதனால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். அதே பிரிவில் அடுத்த வரி: மரணம், மூளைக்காயம், முதுகுத்தண்டு, உறுப்பு இழப்பு, கடும் தீக்காயம், பாலியல் கொடுமை என்றால் ரிசர்வ் எவ்வளவானாலும் உடனே தெரிவிக்க வேண்டும். கிளெய்ம் தாளில் 'தலையில் அடி' என்ற இரண்டு சொல் இருந்தாலே அது எக்ஸெஸுக்குப் போக வேண்டிய தாள். அந்தப் பட்டியலை அச்சிட்டு கிளார்க்கின் மேசையிலேயே ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: ஒரே போலீஸ் நடவடிக்கையில 8 பேர் காயம்னு வழக்குப் போட்டா எத்தனை ரிடென்ஷன்?

'சம்பவம்' என்பதன் வரையறைதான் தீர்மானிக்கும். 'ஒரே காரணத்திலிருந்து எழும் அனைத்தும் ஒரே சம்பவம்' என்றிருந்தால் ஒன்று. காயப்பட்டவருக்கு ஒன்று என்று படிக்க இடமிருந்தால் எட்டு, அதாவது 8 மில்லியனும் உங்கள் தலையில். பல ஆண்டுகளாகக் கசிந்த கழிவுநீர்க் குழாய்க்கும் இதே கேள்வி வரும். அங்கே எந்த ஆண்டுப் பாலிசி என்பதையும் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: விலக்குகள்ல எதை முதல்ல பார்க்கணும்?

இன்வெர்ஸ் காண்டெம்னேஷன்தான், அதாவது நகரத்தின் கட்டமைப்பால் ஒருவரின் சொத்து சேதமானால் அலட்சியம் நிரூபிக்காமலே இழப்பீடு கேட்கும் வழக்கு. பெரும்பாலான பாலிசிகளில் இது விலக்கு. பிறகு பாலியல் கொடுமை, காட்டுத்தீ, அணை உடைப்பு, பிஃபாஸ் (எளிதில் சிதையாத) ரசாயனம், ட்ரோன். தண்டனை இழப்பீட்டை நகரத்தின் மீது விதிக்க முடியாது என்பதால் அதற்கு மண்டையை உடைக்க வேண்டாம்.

கேள்வி: பழைய பாலிசி ஃபைல்களை எத்தனை வருஷம் வெச்சிருக்கணும்?

தூக்கிப்போடவே கூடாது. 2020-ல் நடைமுறைக்கு வந்த ஏபி 218 சட்டம், காலாவதியான குழந்தைப் பாலியல் கொடுமை வழக்குகளை மீண்டும் தொடுக்க 3 ஆண்டு ஜன்னல் திறந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி 2025-ல் 4 பில்லியன் டாலர் சமரசத்துக்கு வந்தது இதன் தொடர்ச்சி. உதாரணமாக, 1978-ல் பூங்கா முகாமில் நடந்ததற்குப் பொறுப்பு அந்த ஆண்டின் சம்பவ அடிப்படைப் பாலிசிக்கே. ஆனால் அப்படியொரு பாலிசி இருந்தது என்று காட்ட வேண்டியது நகரம். அசல் கிடைக்காவிட்டால் கவுன்சில் நடவடிக்கைக் குறிப்பு, பிரீமியம் கட்டிய வவுச்சர், பழைய புரோக்கரின் கடிதம் இந்த மூன்றையும் தேடுங்கள். அட்டைப்பெட்டியில் 'அழிக்கலாம்' என்று எழுதியிருந்தால், இன்றே அந்த எழுத்தை அடித்துவிடுங்கள்.